ஹெர்னியா இல்லை

14 ஜூன் 1993, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஐந்து மாதத்துக்குப் பிறகு வேலைக்கு. கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரை நடை. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். லேத் இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் ஸ்டோர்ஸில் உட்கார் என்றார் ஃபோர்மேன். கம்பெனியில் எல்லோரிடமும் ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கேன்டீனில் முதுகுக்குப் பின்னால்: "ஹெர்னியாவுக்கு எவனுக்காச்சும் புருவம்கூட கொட்டுமா மாமே?"
பாதி சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன்.

15, செவ்வாய்
உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. பிறகு: "சிரிப்பானுங்க. சிரிச்சிட்டுப் போட்டும். கட்டின பொண்டாட்டிகிட்டயே ஏழு மாசம் மறச்சியே, அதையும் சேத்து சொல்லு."

சொல்ல வேண்டியவை:
– பட்டாணி அளவு கட்டி. வலி இல்லை. அதனால்தான் விட்டேன்.
– புற்றுநோய். ஒரு விதையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி, புருவம் கொட்டியது அதனால்தான்.
– முன்பே வந்திருந்தால் ஆபரேஷனோடு போயிருக்கலாம் (டாக்டர் சொன்னது).
– குளிக்கும்போது தடவிப் பார்க்கணும். வயசுப் பையன்கள் முக்கியமாக.
'அந்த இடம்' என்று இழுக்கக் கூடாது. பெயர் சொல்லியே பேச வேண்டும்.

18, வெள்ளி
கேட் மீட்டிங் முடிவில் யூனியன் செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்தார். ஒன்று விடாமல் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்போ இனிமே ஒண்ணும் இல்லியா அண்ணாத்தே?"
"ஒண்ணு கீது. அது போதும்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

21, திங்கள்
பாக்கிங் செக்ஷன் காதர். பூந்தமல்லிக்காரன், இருபத்தைந்து வயது. குழாயடியில் என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டே: "எனக்கும் கல்லு மாரி இன்னாமோ கீதுண்ணே. பொங்கல்லேர்ந்து."
டாக்டரிடம் போனாயா என்றேன்.
"ரெண்டு மாசத்துல நிக்காஹ். அத்த முடிச்சிகினு பாக்கலாம்னு..."
"நாளன்னிக்கு நீ என்கூட வர்ற."
அதட்டித்தான் சொன்னேன். ஏழு மாதம் நான் சொன்ன சாக்குகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

23, புதன்
இருவரும் லீவு. பெரியாஸ்பத்திரி. மூன்று மணி நேரம் வரிசை. காதருக்கும் அதேதான். ஆனால் பரவியதாகத் தெரியவில்லையாம். வரும் புதன் ஆபரேஷன். என் ரத்தமும் எடுத்தார்கள், திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க. ரிசல்ட் செவ்வாய். பயம்தான்.
திரும்பும்போது ரயிலில், வில்லிவாக்கம் தாண்டியதும் காதர்: "பொண்ணு ஊட்ல நீ வந்து சொல்றியாண்ணே? எனக்கு வாய் வராது."

27, ஞாயிறு
காலைப் பூசை முடிந்து நேரே பூந்தமல்லி. ஸ்டெல்லாவும் வந்தாள். பெண்ணின் அப்பாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மெதுவாக: "கொழந்த குட்டி?"
ஒன்று இருந்தாலே போதும், ஆனால் உறுதி தர முடியாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். காதர் தலை குனிந்திருந்தான்.
திரைக்குப் பின்னாலிருந்து பெண்: "அவரு பொழச்சிப்பாரா?"
ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்: "இவரு பொழச்சி வந்து உங்க எதிர்ல குந்திகினு கீறாரே."
அந்தப் பெண்: "அத்தா, புதன்கிழம நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்."
அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். எத்தனை மணிக்கு வரணும் என்று என்னிடம் கேட்டார்.
ஏழுக்கு என்றேன்.