தம்பியை வைத்து ஆடிய சூது

தஞ்சோங் டாவாய்
ஆகஸ்ட் 1943

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

கூலிவேலைக்கு வந்த இந்தக் கருவாட்டுக் கொட்டகையில் நான் சுகம். உங்கள் சுகம் கேட்க மனம் வரவில்லை.

சூதில் தோற்ற பணத்துக்கு ஈடாக, என் தம்பி நாகப்பனைச் போனவர் திரும்பாத அந்த ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கேட்டு அனுப்பினால், "தோட்டத்துக் கங்காணிதான் சூதுக்கடை போட்டு ஆசை காட்டினான்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். கடை போட்டவன் பாவிதான். ஆனால் தம்பியின் பெயரைச் சொன்னது உங்கள் வாய்.

லாரி ஏறும்போது அவன், இங்கிருந்து தோட்டத்துக்கு மீன் கொண்டு வரும் மீன்காரரிடம், "மச்சான்கிட்ட சண்டை போட வேணாம்லான்னு அக்காகிட்ட சொல்லுங்கண்ணே" என்றானாம்.

அதனால் சண்டை போடவில்லை. என் பழைய கம்பளியையும் பூங்காவனத்தையும் மீன்காரரோடு அனுப்பிவிடுங்கள். இங்கே தனியாகப் படுத்தால் குளிர்கிறது. அதோடு, அடுத்த ஆட்டத்தில் நீங்கள் தோற்றால் எழுதிக் கொடுக்க, வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

இதைக் கொண்டு வர மீன்காரர் கிளம்பி நிற்கிறார்.

மருதம்மாள்