ஆறு கரிந்த நெல்மணிகள்

என் அருமை அண்ணா,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் குப்பிகள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், அண்ணி, உங்களோடு அகழ்வாராய்ச்சியில் வேலை செய்த யாழ்ப்பாணத்து ஆசிரியை. மாலை போட்ட படத்தில் நீங்கள். வேறு யாருமில்லை.

திகனைக்கு அப்பால் தோண்டிய மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் கரித்துகளைத் துணியில் வடித்து நிழலில் காயவைப்பீர்கள். பச்சைத் தானியம் மக்கிவிடும், கரிந்ததுதான் மண்ணுக்குள் தங்கும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க, புதிதாய்க் கரித்த தானியமும் வேண்டுமென்றீர்கள். கெலிஓயாவில் என் அடுப்பில், பால்மா டின்னில் மணல் போட்டு, நெல்லும் குரக்கனும் கரித்துத் தந்தேன். எத்தனை போட்டேன், எத்தனை தேறியது, எல்லாம் என் கொப்பியில் எழுதியிருக்கிறது.

ஒரு நாள் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வருவதற்குள் சூடு கூடி, ஆறு நெல்மணிகள் வயிறு வெடித்துப் பிதுங்கிவிட்டன. ஒன்றை இடுக்கியால் எடுக்கும்போது நுனியும் உடைந்தது.

"என்ன தங்கச்சி, கோயிலுக்குப் பொரி பொரிச்சியா?" என்று சிரித்தீர்கள். அந்த ஆறையும் தனியே காகிதத்தில் மடித்துக்கொண்டு போனீர்கள்.

ஆசிரியை ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். "இதுதான் அக்கா, அவர் ஆக அடியில எடுத்த நெல்லு. இந்தப் பக்கம் வயல் எப்ப வந்ததெண்டு இதுதான் சொல்லப்போகுது."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆறு மணிகள். ஆறும் வயிறு வெடித்தவை, ஒன்றுக்கு நுனியில்லை. நான் தந்த மற்றவையெல்லாம் அதனதன் குப்பியில் இருந்தன.

"என்ன, முகம் ஒரு மாதிரியா போச்சு?" என்றார் அண்ணி.

"ஒன்னுமில்ல அண்ணி." உங்களுக்காக நான் சொன்ன பொய் அது.

நெல் கிடைத்துவிட்டதென்று மூச்சிரைக்க வந்து நின்றீர்களே, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேனே. என் அடுப்பில் கரிந்ததற்கா உடைத்தேன்? பக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டுதானே நின்றீர்கள்? குப்பி மாறிப்போனது என்று நினைக்கத்தான் மனம் ஆசைப்படுகிறது. அப்படியானால், அந்த நாளுக்குப் பிறகு தானியம் கரித்துத் தரச்சொல்லி நீங்கள் வரவேயில்லையே, ஏன்?

வெள்ளிக்கிழமை அதில் ஒரு மணி, வயது பார்க்க வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த ஆசிரியைப் பிள்ளை தன் புத்தகத்தையே அதை நம்பி எழுதியிருக்கிறாள். அதற்கு முன் கொப்பியோடு அவளிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். கைத்தவறு என்று சொல்வதா, தெரிந்தே செய்தார் என்று சொல்வதா? அது உங்களுக்குத்தான் தெரியும்.

கனவிலாவது வந்து சொல்லுங்கள் அண்ணா. சீக்கிரம் பதில் வேண்டும்.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
சரஸ்வதி