நிரந்தரமானவர்களின் பலகை

பலெர்மோ
14.4.1996

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நானும் என் முழங்கால் நோவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதில்லை. உங்கள் அரசாங்கக் கந்தோரின் சுகத்தைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள்.

செய்தி இதுதான். உங்களை இத்தாலிக்கு அழைக்கும் அனுமதியைக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் தந்துவிட்டார்கள். ஆறு வருடம் வரிசையில் நின்றதற்கு ஒரு தாள். நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோறா, தன் வீட்டில் அறை இருக்கிறது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். ஒக்டோபர் பத்துக்குள் வந்து இறங்க வேண்டும். பிந்தினால் தாள் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் உங்களுக்குப் பாத்திரம் கழுவும் வேலை ஒன்றை இங்கேயுள்ள நம்மூர்க் கொட்வின் அண்ணை சொல்லி வைத்திருக்கிறார். "மனுசனைக் கையை மட்டும் கொண்டு வரச் சொல்லு பிள்ளை, பதவியை அங்கையே விட்டிட்டு வரட்டும்" என்றார்.

வியா மக்வேதாக் கடைத்தெருவில் வாங்கிய தோல் சப்பாத்து ஒரு சோடியை ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு வாங்கோ.

உங்கள் மலர்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
2.5.1996

அன்பின் செல்வமலருக்கு,

உன் கடிதமும் சப்பாத்தும் கிடைத்தன. சப்பாத்து நல்லது. கடிதத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நிரந்தரம் வரும்வரை என்று ஏழு வருடமாகப் படைச் செலவு உதவிப் பரிசோதகராகப் பதில் கடமை பார்ப்பவனை எச்சில் கோப்பை கழுவ வரச் சொல்கிறாய். வீடு துடைக்கப் போனவளுக்கு இந்தப் பதவி விளங்காது. கந்தோரின் ஆண்டு விழாவுக்காக அதன் சரித்திரத்தை நான்தான் எழுதுகிறேன். கேள்.

வெள்ளைக்காரர் காலத்தில் செத்த சிப்பாய்களின் பெயரிலும் கப்டன்மார் சம்பளம் எடுத்தார்களாம். அதைப் பிடிக்கத்தான் பட்டாளத்தைச் சேராத ஓர் உத்தியோகத்தனை நியமித்தார்கள். பட்டாளத்துக்காரர் அவனுக்கு இருக்க ஒரு கதிரை கொடுக்கவில்லை. நின்றபடியே கணக்குப் பார்த்தான். ஆனால் அவன் கையெழுத்து இல்லாமல் ஜெனரலுக்கும் ஒரு சப்பாத்துக் கயிறு வாங்க ஏலாது!

கந்தோர் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. நிரந்தரமாக்கப்பட்டவர்களின் பெயர் மட்டும் பொன் எழுத்தில் ஏறும். இத்தனை வருடத்தில் மூன்றே பேர், மற்ற எல்லாரும் பதில் கடமையோடு போய்விட்டார்கள். முதலாமவர் ஒரு வெள்ளைக்காரர். நிரந்தரமான வருடமே உடல்நலம் கருதிக் கப்பலேறினார். அடுத்தவர் இங்கேயே பிறந்த ஒரு பறங்கியர், நிரந்தரமானதும் குடும்பக் காரணங்களால் விலகினார். மூன்றாமவர் நம்மவர், பேரின்பநாயகம். நிரந்தரமான கையோடு கதிர்காம யாத்திரை போனவர், பிறகு கந்தோர்ப் பக்கம் வரவில்லை. நாலாவது பெயர் என்னுடையதாக இருக்கும். அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா?

பெனடிக்ற்


பலெர்மோ
19.5.1996

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்து இல்லாமல் ஜெனரலுக்குச் சப்பாத்துக் கயிறு வாங்க ஏலாதாம். உங்கள் காலில் இருக்கிற சப்பாத்தே நான் கக்கூசு கழுவிய காசில் வந்தது. வாய் கிழியக் கதைக்காதேங்கோ.

சிஞ்ஞோறாவின் செத்துப்போன தகப்பனும் இத்தாலிப் பட்டாளத்தில் கணக்குப் பார்த்தவராம். அவருக்குக் கொடுத்த பதக்கம் இந்த வீட்டுக் குசினி மேசை லாச்சியில் போத்தல் மூடிகளோடு கிடக்கிறது. கிழமைக்கு ஒருமுறை நான்தான் தூசு தட்டுகிறேன். உங்கள் பதவிக்கு இந்த உலகத்தில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். பலகையில் இருக்கிற மூன்று பேரும் நிரந்தரமான கையோடு ஏன் ஓடினார்கள்? சரித்திரம் எழுதுகிறவருக்கு அது யோசனையில் வரவில்லையா?

பிளேன் ரிக்கற் போடுங்கோ. அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்துவிட்டேன்.

உங்கள் மலர்


கொட்டாஞ்சேனை
12.8.1996

மலருக்கு,

நிரந்தரம்! வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தது.

கந்தோர்ச் செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இருங்கள், மிஸ்டர் பெனடிக்ற்" என்று கதிரையைக் காட்டினார். ஏழு வருடத்தில் முதல் தடவை. தேத்தண்ணீர் கோப்பையும் தட்டுமாக வந்தது. உன் சப்பாத்தைத்தான் போட்டிருந்தேன். அவர் பார்த்தார்.

பட்டாளத்துக்கு வாங்கிய சப்பாத்துகள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன. அவை வந்து சேர்ந்துவிட்டன என்று இப்போதே நான் கையெழுத்து வைக்க வேண்டும். இவ்வளவு பெரிய கணக்கில் பதில் உத்தியோகத்தர் வைத்தால் செல்லாதாம், அதனால்தான் இந்த அவசர நியமனம். பலகைக்குப் பெயின்ற்காரனும் வந்து போனான்.

நீ கேட்ட கேள்விக்கு என்ன சொல்ல? பெண்களுக்கு நிர்வாகம் விளங்காது. அனுமதித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு.

பெனடிக்ற்
(படைச் செலவு உதவிப் பரிசோதகர்)


பலெர்மோ
26.8.1996

அத்தான்,

கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். "வேலை நேரத்திலை வீட்டுக் கதை வேண்டாம்" என்று வைத்துவிட்டீர்கள். ஆகையால் எழுதுகிறேன், இது தாமதமாக வரும் என்று தெரிந்தும்.

வராத சப்பாத்தை வந்ததென்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் தேவை. பதில் ஆளைப் பிடித்தால் அவருக்கு மேலே இருக்கிறவரும் மாட்டுவார். நிரந்தர ஆளைப் பிடித்தால் அவரோடு முடிந்தது. இதற்கு நிர்வாகம் படிக்கத் தேவையில்லை, உங்கள் கடிதத்தை வாசித்தால் போதும். செத்தவர்களுக்குச் சம்பளம் எடுத்ததைப் பிடிக்கத் தொடங்கிய பதவி, இப்போது இல்லாததுக்குக் கையெழுத்து வைக்கிற பதவி. அதன் சரித்திரம் இவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றிலும் கையெழுத்து வைக்காமல் பிளேன் ஏறுங்கோ. பெருமை பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுங்கோ, நான் கேட்டுக்கொண்டே துடைக்கிறேன்.

மலர்


கொட்டாஞ்சேனை
21.10.1996

அன்பின் மலருக்கு,

அப்படி ஒரு கப்பலே இல்லையாம். உன் கடிதம் வரும்போது நான் கையெழுத்து வைத்துவிட்டிருந்தேன். என்னைப் பணியிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை பாஸ்போட்டையும் வாங்கி வைத்துவிட்டார்கள். செயலாளர் என்னைக் கண்டால் தெரியாதவர் மாதிரிப் போகிறார்.

பலகையில் என் பெயர் ஏறிவிட்டது. காவலாளி உள்ளே விடவில்லை, வாசல் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் பதவிக் காலம், ஓகஸ்டில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. எழுத்து நல்ல அழகு.

மொண்டெல்லோவில் அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கொட்வினிடம் கேட்டுச் சொல்.

பெனடிக்ற்


பலெர்மோ
5.11.1996

அன்புள்ள அத்தானுக்கு,

கோடை முடிந்து கடற்கரைக் கடையைப் பூட்டியாயிற்று. உங்கள் அனுமதியும் செத்துவிட்டது. திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் குந்தியிருந்து அழுதேன். "உன் புருசன் என்ன குற்றம் செய்தார்?" என்று சிஞ்ஞோறா கேட்டாள். "கதிரையைக் காட்டினவுடனே இருந்திட்டார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. லாச்சியைத் திறந்து தகப்பனின் பதக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் விசாரணையிலிருந்து விடுபட்டதும் அறைக்குத் திரும்பவும் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொன்னாள்.

பேரின்பநாயகம் உயிரோடு இருந்தால் தேடிப் பிடியுங்கோ. ஏன் யாத்திரை போனார் என்று இப்போதாவது கேளுங்கோ. வக்கீல் செலவுக்குக் காசு உள்ளே வைத்திருக்கிறேன், அதனால் இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன். தபால்காரனுக்கு மட்டும் கையெழுத்து வையுங்கோ. பிறகு நான் வந்து பக்கத்தில் நிற்கும்வரை ஒன்றிலும் வைக்காதேங்கோ.

உங்கள் மலர்