ஒரு மணி நேரப் பயணம்

என் தங்கமே,

ஜெயித்துவிட்டேன். கீழே கடல், பக்கத்து சீட்டில் உன் அப்பா. உன் கல்யாணத்துக்கு வராத அதே மனுஷர்தான். இதை நானே உன் கையில் தருவேன். அவர் எதிரில் படிக்காதே.

பிளேன் என்றாலே பயம் என்றவரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். "பத்துக்குக் கிளம்புது, பதினொண்ணுக்கு இறங்குது. ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்கார மாட்டீங்களா?"

உங்கள் ஊர் நேரம் எட்டு மணி பின்னால் என்றோ, ஏழாயிரம் கிலோமீட்டர் பறக்க ஒன்பது மணி நேரமாகும் என்றோ மூச்சுவிடவில்லை.

மூன்று மணி நேரமாகியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே பொறுக்காமல், "மணி என்னங்க?" என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலைல அஞ்சு. அவ இன்னும் எழுந்திருக்க மாட்டா."

நீ போனதிலிருந்து அந்தக் கடிகாரம் ரிப்பேர் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் அம்மா