முளை என்னுடையது, குழாய் உன்னுடையது

இன்று காலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு புது ஷெட்டுக்கு அளவுக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். சவுக்குக் கட்டைகளை முளையாகத் தரையில் அடித்து, அவற்றின் தலையில் சுண்ணாம்பு பூசினார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம் எதிரே வந்து நின்றது. நீ செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. போய்ச் சேர்ந்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

எளாவூர் பக்கம் கல்கத்தா ரோட்டை உயர்த்தி அகலமாக்கிய வேலையில் நாம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒன்றாக என்று சொல்வதே தப்பு. மண் கொட்டி ரோட்டை உயர்த்துகிற கான்டிராக்டரிடம் நான் ஓவர்சியர். ரோட்டுக்கு அடியில் கால்வாய்த் தண்ணீர் போகச் சிமெண்டுக் குழாய் பதிக்கிற கான்டிராக்டரிடம் நீ மேஸ்திரி. உன் கொட்டகைக்கும் என் கொட்டகைக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனால் வந்த புதிதிலேயே என் லாரிக்காரன் ஒருவன், நீ அடுக்கி வைத்திருந்த குழாய்கள்மேல் ஒரு லோடு மண்ணைக் கவிழ்த்துவிட்டான். சில குழாய்கள் உடைந்தன. நீ என் கொட்டகை வாசலில் வந்து நின்றாய்.

"இன்னாய்யா ஓவர்சியரு, உன் ஆளுக்குக் கண்ணு பொடனியிலயா கீது? நெல்லு வெதைக்கிறவனுக்கெல்லாம் ரோட்டு வேலை இன்னாத்துக்கு?"

அதோடு விட்டிருக்கலாம். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "பழவேற்காட்டுல வலை இழுக்கிறவனுக்குக் குழாயப் பத்தி இன்னா தெரியும்? போய்யா" என்றேன்.

அன்றோடு நமக்குள் பேச்சு நின்றது. நாஷ்டா கடையில் நீ ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. எப்போதாவது ஜீப்பில் வரும் என்ஜினியரிடம் நீ என்னைப் பற்றிச் சொல்வாய், நான் உன்னைப் பற்றிச் சொல்வேன். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்கப்பா, எனக்கு இது பெரிய பேஜாரு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

உன் கையில் இருந்த வரைபடத்தில், ரோட்டு மட்டத்திலிருந்து ஆறடி கீழே குழாய் உட்கார வேண்டும் என்று இருந்தது. அது பழைய ரோட்டு மட்டம். ரோட்டோரத்தில் நான் அடித்திருந்த முளைகளோ, புது ரோடு எவ்வளவு உயரம் வரும் என்பதைக் காட்டுகிறவை. பழையதைவிட ஒன்றரை அடி உயரம். நீ நேராக வந்து என் முளைத் தலையிலிருந்து நூலைக் கட்டி ஆறடி அளந்தாய். மாற்றுப்பாதைக்காகக் கால்வாயை மண் போட்டு அடைத்திருந்ததால் அதன் அடிமட்டம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. "இந்த முளை பழசா, புதுசா?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நீ பதித்தாய், நான் மண்ணைக் கொட்டி மூடினேன். குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது என் வேலை இல்லை.

ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் நிலம் இருந்தது உனக்குத் தெரியும். நவரைப் பட்டத்துக்கு அப்பா நாற்று விட்டிருந்தார். தை பிறந்ததும் கால்வாயை அடைத்திருந்த மண்ணை அவசரமாக அள்ளிவிட்டு ஏரி மதகைத் திறந்தார்கள். தண்ணீர் கால்வாயில் ஓடி வந்து ரோட்டருகே நின்றது. உன் குழாயின் வாய் கால்வாயின் அடியைவிட ஒன்றரை அடி மேலே இருந்தது. தண்ணீர் அதுவரை ஏறுவதற்குள் கரை வழிந்து மேற்கே இருந்தவர்களின் வயலில் பாய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் கால்வாயில் தூசி பறந்தது.

ஊரே ரோட்டில் வந்து உட்கார்ந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. ரோட்டை வெட்டித்தான் குழாயை இறக்க வேண்டும், வெட்ட மேலிடத்து அனுமதி வேண்டும் என்று என்ஜினியர் கையை விரித்தார். அப்போது அப்பா எழுந்து உன்னிடம் வந்தார். என்னிடம் வரவில்லை. பெற்ற பிள்ளை தன் பக்கம்தான் பேசுவான், மூன்றாம் மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ.

"நைனா, குழாய வச்சது நீதானே? எதனால இப்டி ஆச்சு? நாயமா சொல்லு."

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். அந்த நிதானம் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "வச்சது நாந்தான், பெரியவரே. அளவு உங்க புள்ள அடிச்ச முளையில இருந்து எடுத்தது. முளை யாருதுன்னு அவரையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "என் முளையில இருந்து அளக்கச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னான்?" என்று கத்தினேன். பழைய மட்டம், புது மட்டம் என்று விளக்கவும் பார்த்தேன். யார் காதில் ஏறும்? முளை அவர் மகனுடையது. ஊருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அப்பாவுக்கும் அதுதான் புரிந்தது.

அனுமதி வருவதற்குள் நாற்று மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகிவிட்டது. ரோட்டை வெட்டி, குழாயைத் தோண்டி எடுத்து நீ மறுபடி பதித்தாய். அந்த முறை ஓர் ஆளை என்னிடம் அனுப்பினாய். "மேஸ்திரி கேக்கச் சொன்னாரு, இந்த முளை எந்த மட்டம்?" என்றான் அவன். நாற்று செத்த பிறகு அந்தக் கேள்வி வந்தது.

அதற்குப் பிறகு அப்பா அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை. பெரியபாளையத்து அம்மனுக்குப் போவதென்றாலும் வரப்போடு நடந்து அடுத்த ஊருக்குப் போய்த்தான் பஸ் பிடித்தார். வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம், "எம் புள்ள ரோடு போட்டான், தண்ணிய நிறுத்திட்டுப் போட்டான்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சில வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தபோது, மானத்தை விட்டு உன்னைத் தேடிப் பழவேற்காட்டுக்கு வந்தேன். "மொதல்ல சாப்டு" என்றாய். உன் வீட்டம்மா இறால் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். பிறகு கேட்டேன்.

"குழாயத் தப்பா வச்சது நாந்தான்னு எங்கப்பா காதுல ஒரு வார்த்தை சொல்லு. அவரு போறதுக்குள்ள."

நீ ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டாய். "சாவப்போற மனுசன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா? முளை உன்னுதுய்யா. நான் இன்னிக்கும் அதான் சொல்லுவேன்."

என்மேல் இருந்த வன்மத்தில் மறுத்திருந்தால், சீ என்று உதறிவிட்டு என்றோ மறந்திருப்பேன். நீ அதை உண்மை என்றே நம்பினாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா அந்த வாரமே போய்விட்டார். என்னிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், வேறு எதுவும் பேசவில்லை.

எளாவூர் செக்போஸ்ட்டில் ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் நீ செத்தது எனக்குத் தெரியும். காரியத்துக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உன் பெரிய மகன் என் பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்கதான் அந்த ஓவர்சியரா? அப்பா உங்களப் பத்திதான் எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரு. உங்க முளைய நம்பித்தான் வேலை போச்சாம். அதுக்கப்பறம் எவனும் அவர மேஸ்திரின்னு கூப்டலையாம்."

உனக்கு வேலை போன விஷயம் எனக்குத் தெரியாது. குழம்பு ஊற்றிய அன்றைக்கும் நீ அதைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் அன்று நான் இரக்கப்பட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். சாவு வீடு என்றும் பாராமல் சொன்னேன், "முளை சரியாத்தான் இருந்தது தம்பி. அளந்ததுதான் தப்பு."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றான்.

"எங்கப்பாவும் அப்டித்தான் நம்புனாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் முளை அடித்த கையோடு, அடுத்த கான்டிராக்டரின் மேஸ்திரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுகிறேன். இது எந்த மட்டம் என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன். நேற்று என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியவனாக இருந்தாலும் விடுவதில்லை. கிழம் நச்சரிக்கிறது என்கிறார்கள். இது உன்னால் வந்த பழக்கம். அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

நீ உயிரோடு இருந்தவரை, என்றைக்காவது ஒருநாள் மனம் மாறி வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாய் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அப்பா போன பிறகும் இருந்தது. அவர் காதில் சொல்லாவிட்டால் என்ன, என் காதிலாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல இருந்த ஒரே ஆளான நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி இந்தக் கோபத்தை நான் மட்டும்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். அதற்கும் சேர்த்து உன்மேல் எனக்குக் கோபம்தான்.