திருவிருந்துப் பேராடையும் நாற்பது சிபாரிசுகளும்

பிப்ரவரி 9, திங்கள்

இனி இந்த நோட்டில் வரப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஃபிரெட்ரிக் ஆகிய நான், காலை டீயின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். கூகுள் என்னைக் கண்டு நடுங்கப்போகிறது.

காரணம் ஜொவிட்டா, என் தங்கை மகள். ராஜா அண்ணாமலைபுரத்தில் கடை வைத்து, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கிறாள். இணையதளமும் உண்டு. தேடினால் ஒன்பதாவது பக்கத்தில் வருகிறது. அங்கே மனித நடமாட்டமே கிடையாது, கழுகுகூடப் பறப்பதில்லை.

"ஈஸ்டருக்குள்ள ஆர்டர் வரலேன்னா கடையக் காலி பண்ணிட்டு ஈக்காட்டுத்தாங்கல் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன் மாமா" என்றாள்.

விடமாட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

லிங்க் விற்கும் கம்பெனி ஒன்றைப் பிடித்தேன். ஊரார் தளங்களெல்லாம் நம் தளத்தைக் கைகாட்டினால் நாம் பெரிய ஆள் என்று கூகுள் நம்பிவிடுமாம். நாற்பது வாங்கினேன். ஜொவிட்டாவிடம் விலை நாலாயிரம் என்றேன்.

அவள் தளத்தையும் திருத்தினேன். முதல் நற்கருணைக்கு வீட்டில் சொல்லும் பெயரிலேயே "புதுநன்மை கவுன்" என்று எழுதி வைத்திருந்தாள். என்ன கொச்சை இது? எல்லா இடத்திலும் "முதல் திருவிருந்துப் பேராடை" என்று மாற்றினேன். தமிழன்னை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

போன் ஓயவே இல்லை. (மூன்று முறை அடித்தது.) மூன்றும் சாப்பாட்டுக்கு. கடைசியாகப் பேசிய அம்மாள் பெயர் சுலோச்சனா.

"நூறு பேருக்கு பிரியாணி, கூட கத்திரிக்கா தொக்கு வருமா?"

"அம்மா, இது தையல் கடை."

"அப்புறம் இன்னாத்துக்கு நைனா விருந்துன்னு போட்டுக்கினு கீறே?"

வாங்கிய நாற்பதையும் அப்போதுதான் திறந்து பார்த்தேன். பந்தல்காரர், சமையல் காண்ட்ராக்டர், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் — எல்லாம் அவர்கள் தளங்கள்.

ஜொவிட்டா பக்கத்தில்தான் இருந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 25, புதன்

ராயப்பேட்டை. இணையதளம் செய்துகொடுத்த ஃபராஸிடம் போனேன்.

"வாத்யாரே, லிங்க்குன்னா சிபாரிசு. உங்க மருமக தைக்கறத ஒருநாளும் பார்க்காத பந்தல்காரன் சிபாரிசு பண்ணா எவன் நம்புவான்? கூகுளுக்கும் அதே டவுட்டுதான்."

"அப்ப லிங்க்கே வேணாமா?"

"வேணும். படிச்சவன் தானா தரணும். படிக்கற மாதிரி உங்க சைட்ல இன்னா கீது?"

யோசித்தேன். என் பேராடை கீது.

மார்ச் 2, திங்கள்

நாற்பதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். பேராடையைக் கழற்றிக் கவுனை மாட்டினேன். புதுநன்மை என்றுதானே நானே வீட்டில் சொல்கிறேன்? பிறகு யாருக்காக அந்தத் திருவிருந்து?

புதிதாக ஒரு பக்கம் தயார்: "புதுநன்மை கவுன் — அம்மாக்கள் கேட்பது." வலைத்துணி கழுத்தில் குத்தாமலிருக்க உள்ளே என்ன துணி, அடுத்த வருடம் தங்கைக்கும் ஆக எத்தனை விரற்கடை மடித்து விடுவது, முட்டிபோட்டு எழும்போது காலில் மிதிபடாமலிருக்க எங்கே தூக்கித் தைப்பது. இம்மகாகாவியத்தை ஒரே மூச்சில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், நானே எழுதி முடித்தேன்.

மார்ச் 11, புதன்

ஒன்றும் இல்லை. விடமாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

நோரா என்று, சர்ச்சில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும் டீச்சர் ஒருவர் போனில் பேசினார். அவர்கள் பங்குக் கோயிலின் இணையதளத்தில் நம் பக்கத்துக்கு லிங்க் போட்டுவிட்டாராம்.

"போன வருஷம் ஒரு பிள்ளை கவுன மிதிச்சு பீடத்துக்கு முன்னாடியே விழுந்துடுச்சு சார். மிதிபடாம தைக்கறதைப் பத்தி வேற எங்கயும் போடல."

ஒரே ஒரு லிங்க். அதன் வழியே மாலைக்குள் இரண்டு அம்மாக்கள்.

ஏப்ரல் 4, சனி

நாளை ஈஸ்டர். எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஜொவிட்டாவுக்குப் போன். மெஷினை நிறுத்தாமலே, "இல்லீங்க, நான் வரலை" என்றாள். கொடியில் முந்நூறு கவுன்கள் தொங்குகின்றன. சரி, பதினொன்று.

லிங்க் விலை நாலாயிரம் என்றதும் பொய், கொடுத்தது அதற்கு மேல்; மகாகாவியத்தை நானே எழுதினேன் என்றதும் பொய். அவள் துணி வெட்டிக்கொண்டே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். கமாக்கள் மட்டும் என்னுடையவை. ஆனால் நோரா டீச்சரிடம் லிங்க் கேட்டு எங்கள் வீட்டிலிருந்து யாருமே போகவில்லை. அது மட்டும் நிஜம்.