கட்டில் காலுக்கு வைத்த புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். சலவைக்கூடத்தில் என்னை இஸ்திரிப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். சூடுதான், வேறொன்றும் இல்லை.

"எல்லாரும் ஒரு தடவையாவது படிக்கணும்டா" என்று நீங்கள் பெட்டியில் திணித்த நாவல், ஆடும் கட்டிலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. போனில் நீங்கள் கேட்டபோது, "படிச்சிட்டேன்பா, அந்த அம்மா சாகிற இடத்துல அழுதுட்டேன்" என்று வாய் கூசாமல் அளந்தேன். நாவல் என்றால் அம்மா செத்துப்போவாள் என்று ஒரு நம்பிக்கை.

போன வாரம் என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் அதை உருவிப் படித்தார். அவரிடமும் அதே அழுகையைச் சொன்னேன். "எந்த அம்மா? கடைசிப் பக்கத்துலகூட மருமகளோட சண்டை போடுறாளே!" என்று சிரித்தார். விடுமுறையன்று நானே படித்துப் பார்த்தேன். அவள் சாகவே இல்லை.

வெட்கத்தில் போன் பண்ணக் கை வரவில்லை. இன்னொரு புத்தகம் அனுப்புங்கள், தடிமனாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகள் இங்கே சீக்கிரம் முடிவதில்லை. கம்பெனி வண்டி வந்துவிட்டது, நிறுத்துமுன் ஒன்று.

அந்த நாவலைப் பலமுறை படித்தவர் நீங்கள். அன்றைக்குப் போனில், "ஆமாண்டா, எனக்கும் அங்கதான் அழுகை வந்துச்சு" என்றீர்களே அப்பா.

உங்கள் மகன்